பத்து ஐம்பத்திரண்டு வரை நவமி

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பிப்ரவரியில் அம்மாவின் கட்டிலுக்காக நாம் போட்ட சண்டைக்குப் பிறகு உனக்குப் பதினேழு முறை அடித்துப் பார்த்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு முதல் வருஷத் திதி வருகிறது. ஆனி மாதம், தேய்பிறை நவமி. இந்த வருஷம் அது ஜூன் 17, புதன்கிழமை. புரோகிதரிடம் சொல்லிவிட்டேன். அவர் காலை எட்டு மணிக்கு வந்துவிடுவார். வேலை நாள் என்பதால் நீ முன்கூட்டியே லீவு சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

பார்சல் வந்ததா? அம்மாவின் பெட்டியில் இருந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே கட்டி அனுப்பினேன். கட்டிலை உன்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது தப்புதான். பெட்டி விஷயத்திலும் அந்தப் பேச்சு வேண்டாம்.

குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டான். உன் தம்பி பெண்டாட்டி உன்னை விசாரித்தாள்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

பார்சல் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கிற தைரியம் வரும்போது பிரிப்பேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன். உன் குரலைக் கேட்டால் நான் நம்பிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுத்தில் பொய் சொல்வது கஷ்டம். எழுதியது அப்படியே இருக்கும், திரும்பத் திரும்பப் படிக்கலாம். அதனால் இனி எதுவானாலும் எழுது.

நவமி என்று எழுதியிருக்கிறாய். எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர் மருந்துக்கடைக்காரர் பழைய பஞ்சாங்கம் ஒன்றையும் வீசாதவர். அவரிடம் போன வருஷத்தை வாங்கிப் பார்த்தேன். ஜூன் 28, சனிக்கிழமை: காலை பத்து ஐம்பத்திரண்டு வரை நவமி. பிறகு தசமி. திதி நம் தேதி மாதிரி நள்ளிரவில் மாறுவதில்லை. நிலா நகர்கிற கணக்கு அது. காலையில் மாறும், மத்தியானம் மாறும், நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாறிவிடும். மூச்சு நிற்கிற நிமிஷத்தில் எந்தத் திதி நடக்கிறதோ அதுதான் அந்த ஆளுடைய திதி.

ஆகவே ஒரே கேள்வி. அம்மா எத்தனை மணிக்குப் போனாள்?

சேதி கேட்டுக் கிளம்பி நான் மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தேன். வந்த நிலையில் நேரம் கேட்கத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக வார்டில் மற்றவர்களுக்கு நேரம் எழுதுகிறவள் பெற்றவளுக்குக் கேட்காமல் விட்டேன். அது என் தப்பு.

சாமி கும்பிடாத நீ எதற்கு இதையெல்லாம் தோண்டுகிறாய் என்று கேட்பாய். அப்பாவின் இரண்டாம் வருஷம் நினைவிருக்கிறதா? பெரியப்பா, "ஞாயித்துக்கிழமையா வச்சுக்கலாமே, ஒரு நாள்தானே வித்தியாசம்" என்றார். அம்மா என்ன சொன்னாள்? "தேதி ஆபீசுக்கு. திதிதான் ஆளுக்கு. அவரு வர்ற நாள்ல கதவைப் பூட்டி வச்சிட்டு மறுநாள் தொறந்து வச்சா, அவரு எங்க போவாரு?" அந்த அம்மாவுக்கு நாம் நாள் தவறிக் கதவு திறக்கக்கூடாது.

மணியையும் நிமிஷத்தையும் எழுது.

அக்கா


மே 4

அக்கா,

காலை ஒன்பதரை. டாக்டர் கொடுத்த சான்றிதழிலும் அதுதான் இருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன். நவமிதான். சந்தேகம் தீர்ந்ததா?

தீராது. எனக்குத் தெரியும். நீ ஒரு விஷயத்தைப் பிடித்தால் உடும்பு தோற்றுப்போகும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்த ஐந்து வாரத்தில் நீ எத்தனை நாள் வந்தாய்? ஒரு சனி, ஒரு ஞாயிறு. மீதி நாளெல்லாம் யார் துடைத்தது, யார் புரட்டிப் படுக்கவைத்தது, யார் கஞ்சி ஊட்டியது? என் பெண்டாட்டி பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் ஒருத்தன்தான். எட்டு மாடிக் கட்டிடத்தில் லிப்ட் நின்றுபோனால் மெக்கானிக் என்று அதற்கும் நான்தான் ஓடவேண்டும். அப்போதெல்லாம் நீ நிமிஷம் கேட்கவில்லை.

ஜூலை முதல் தேதி வருகிறேன் என்றாய். அம்மா மூன்று நாள் காத்திருக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்யட்டும்?

ஜூன் 17. வருவதாக இருந்தால் எழுது.

தம்பி


மே 10

தம்பிக்கு,

நீ கேட்டதில் பாதி நியாயம். நான் வந்திருக்கவேண்டும். அதை உன்னிடம் மறுக்கப்போவதில்லை. ஆனால் என்னைக் குத்திக் காட்டினால் கேள்வியை மறந்துவிடுவேன் என்று நினைத்தாயா?

ஒன்பதரை என்பது நேரமே இல்லை. அது உத்தேசம். பக்கத்தில் இருந்தவன் ஒன்பது இருபத்தேழு என்பான், ஒன்பது முப்பத்தொன்று என்பான். வார்டில் யாராவது என்னிடம் "ஒன்பதரை" என்று சொன்னால் உடனே கேட்பேன்: நீ பார்த்தாயா, பிறகு வந்து கண்டாயா?

டாக்டர் சான்றிதழ் என்கிறாய். அவர் வந்ததே மூன்று மணிக்கு. நீ சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது உன் வாய்வார்த்தைதான், டாக்டர் பெயர் போட்ட தாளில் வந்திருக்கிறது.

என் டியூட்டி டைரியை எடுத்துப் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் எழுதிவைப்பேன் என்பதை மறந்துவிட்டாய். ஜூன் 28, பதினொன்று ஐந்துக்கு உன் செல்லுக்குக் கூப்பிட்டேன். நான் "அம்மா எப்படி இருக்கா?" என்றேன். நீ "அம்மா தூங்குறாக்கா, எழுப்பட்டுமா?" என்றாய். "வேண்டாம், தூங்கட்டும்" என்றேன். உன் பின்னால் ஏதோ மோட்டார் உறுமியது. என்ன சத்தம் என்று கேட்டேன். "மிக்ஸி" என்றாய்.

ஒன்பதரைக்குப் போனவள் பதினொன்று ஐந்துக்கு எப்படித் தூங்குவாள்? எழுப்பட்டுமா என்று என்னைக் கேட்க உனக்கு நெஞ்சு எப்படி வந்தது? புரோகிதரிடம் சொன்னது பொய்யா, என்னிடம் சொன்னது பொய்யா?

இன்னொன்று. மாடி வீட்டு டீச்சர் காரியத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்தரைக்குக்கூட அம்மா பேசிக்கிட்டிருந்தாங்கம்மா, பையன்கூட. மாடிப்படியில கேட்டுச்சு" என்றாள். அழுகையில் அது காதில் விழுந்து அப்படியே கிடந்தது. இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

எதையோ ஒளிக்கிறாய். என்னவென்று தெரியவில்லை. ஆனால் ஒளிக்கிறவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் ஒருத்தரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அக்கா


மே 17

அக்கா,

சரி, சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஒன்பதரைக்கே போய்விட்டாள். நீ கூப்பிட்டபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீ டியூட்டியில் இருந்தாய். பக்கத்தில் யாரும் இல்லாமல் நீ அதைக் கேட்டு நின்ற இடத்தில் விழுந்துவிடுவாயோ என்று பயந்தேன். அதனால் தூங்குகிறாள் என்றேன். "எழுப்பட்டுமா" என்பது வாய் தவறி வந்துவிட்டது. அதை நினைத்து நான் தினமும் வெட்கப்படுகிறேன். பிறகு மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டேகாலுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

டீச்சருக்குக் காது மந்தம். நேரமும் நிதானம் கிடையாது. ரேடியோவைக் கேட்டிருப்பாள்.

உன்மேல் இருந்த அக்கறையில் சொன்ன பொய் அது. இதற்கும் கோபப்படுவாய் என்றால் படு. நவமி நவமிதான். இனி இதை விடு அக்கா. கைகூப்பிக் கேட்கிறேன்.

தம்பி


மே 23

தம்பிக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது அழுதேன். எனக்காகப் பயந்திருக்கிறானே என்று. போன் எடுத்து உன்னைக் கூப்பிட நம்பர்கூடப் போட்டுவிட்டேன்.

பிறகு இரண்டாம் முறை படித்தேன். ஒன்பதரையிலிருந்து இரண்டேகால் வரை கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அம்மா உயிரில்லாமல் கட்டிலில் கிடக்கிறாள். மகன் அக்கம்பக்கத்தைக் கூப்பிடவில்லை, டாக்டரைக் கூப்பிடவில்லை, மிக்ஸி போட்டுக்கொண்டிருந்தான். இதை நான் நம்பவேண்டும். நல்ல காரணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய், தம்பி. என் கண்ணில் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் எதையும் பார்க்கமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

அழுகை நின்றதும் பார்சலைப் பிரித்தேன். திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினேன் என்றாயே, அது மட்டும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும். பார்த்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டாய்.

இரண்டு சேலை, அப்பாவின் கைக்கடிகாரம், ஒரு சீப்பு, அடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. உள்ளே நான் பார்த்தே இராத கண்ணாடி. அம்மாவுக்கு மூக்குத்தண்டில் ஒரு தழும்பு உண்டு, எந்தக் கண்ணாடி போட்டாலும் உறுத்தும். இந்தக் கண்ணாடியில் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மழுக்கியிருக்கிறது. கடையில் போய் வாங்கினால் அப்படிச் செய்து தரமாட்டார்கள். கூடவே பவர் எழுதிய சீட்டு, போன வருஷம் மார்ச் தேதி. அதில் ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிறவரை எனக்குத் தெரியும். பால்காரர் கணக்கிலும் அப்படித்தான் போடுவார். எங்கள் கல்யாணத் தேதியிலும் அப்படித்தான் போட்டார்.

அந்த ஆள் நம் வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது என்று நான் சொன்னபோது நீயும் அம்மாவும் தலையாட்டினீர்கள். எட்டு வருஷத்துக்கு முந்திய பேச்சு, மறந்திருக்கமாட்டாய். எனக்கு வந்த வேலை உத்தரவை நாற்பது நாள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லு அலமாரியில் ஒளித்துவைத்தவர் அவர். நான் தினமும் தபால்காரரை வாசலில் நின்று கேட்பேன், அவர் பக்கத்தில் நின்று "வரும், வரும்" என்பார். பெரிய இருதய ஆஸ்பத்திரி வேலை. சேரவேண்டிய தேதி போன பிறகுதான் அந்தத் தாள் என் கையில் கிடைத்தது. அவர் அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒளித்தார்.

இப்போது நீயும் ஒளிக்கிறாய். மாடிப்படியில் டீச்சர் கேட்ட ஆண்குரல் யாருடையது? அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் யார் இருந்தது? அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?

உண்மை வரும்வரை ஜூன் 17க்கு நான் வரமாட்டேன்.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன்னிடம் சொன்னதும் பொய், புரோகிதரிடம் சொன்னதும் பொய். அம்மா போனபோது நான் வீட்டில் இல்லை.

மாமா இருந்தார்.

நீ வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் முதலில் ஆள் அனுப்பினாள், கண் மங்குகிறது என்று. அது அம்மா போவதற்கு மூன்று வருஷத்துக்கு முன். பிறகு ஒரு சனி விட்டு ஒரு சனி வருவார். பேப்பர் படித்துக் காட்டுவார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், அம்மாவும் பேசமாட்டாள். "அவளுக்குத் தெரிஞ்சா என்னையும் தள்ளி வச்சிடுவாடா" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வருகிற நாள். ஒன்பது மணிக்கு வந்தார். ஒன்பதே காலுக்கு மேல் எனக்கு அழைப்பு. எட்டு மாடிக் கட்டிடத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிப்ட் நின்றுபோய்விட்டது. உள்ளே ஒரு வயதான புருஷன், பெண்டாட்டி. அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. இன்னொரு மெக்கானிக் லீவு. நான் திகைத்து நிற்கிறேன். மாமா சொன்னார், "நீ போடா. அங்க ரெண்டு உசுரு மாட்டிக்கிட்டிருக்கு. இங்க நான் இருக்கேன்."

ஒன்பதரைக்கு அம்மாவின் மூக்கருகில் குனிந்து பார்த்தேன். நன்றாக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். போனேன். பிரேக்கைக் கையால் தளர்த்தி லிப்ட்டை இறக்கி அவர்களை வெளியே எடுக்கப் பத்து ஐம்பது ஆகிவிட்டது. நீ கூப்பிட்டபோது நான் மொட்டைமாடி மெஷின் ரூமில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்ட சத்தம் அந்த மோட்டார். வெளியே இருக்கிறேன் என்று சொன்னால், அம்மாகூட யார் என்று கேட்பாய். அதற்குத்தான் மிக்ஸி. "எழுப்பட்டுமா" என்றது, நீ வேண்டாம் என்பாய் என்ற தைரியத்தில்.

உன்னோடு பேசியதோடு என் செல்லில் பேட்டரி செத்துவிட்டது. லிப்ட்டைச் சரிசெய்து முடித்து ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். மாமா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கைகளைச் சேர்த்துவைத்து, தலைவாரிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டிருந்தார். "உன் போன் அணைஞ்சே கிடக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது சொல்லப்போவதைத்தான் மூன்று தாளிலும் எழுத முடியவில்லை. நான் அம்மா பக்கத்தில் போகவில்லை அக்கா. முதலில் வாசல் கதவைச் சாத்தினேன். "மாமா, நீங்க கெளம்புங்க. அக்கா வருவா. நீங்க இங்க இருந்தீங்கன்னு தெரிஞ்சா வாசல்லயே திரும்பிப் போயிடுவா, அம்மா முகத்தைக்கூடப் பாக்கமாட்டா" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அப்புறம் பேசிக்கலாம்" என்று பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்துவரக்கூட நேரம் கொடுக்கவில்லை. பின்பக்கம் கிடந்த என் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

புரோகிதர் நேரம் கேட்டபோது சுற்றிலும் ஆட்கள். என்ன சொல்வது? நான் அம்மாவின் மூச்சைக் கடைசியாகப் பார்த்த நேரத்தைச் சொன்னேன். எனக்கு அம்மா போனது அந்த ஒன்பதரைக்குத்தான்.

உண்மையான நேரம் எனக்குத் தெரியாது. மாமாவிடம் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் வரவில்லை, நானும் அவர் கடைப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

நவமியோ தசமியோ, அது அவருக்குத்தான் தெரியும்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போது எதுவும் எழுதினால் தப்பாக எழுதிவிடுவேன்.

புரோகிதரிடம் எந்த நாளையும் இன்னும் உறுதிப்படுத்தாதே. அந்தக் கண்ணாடிக் கடைக்கு நீ போகவேண்டாம். போனால் நான்தான் போகவேண்டும். போவேனா என்று தெரியாது.

அக்கா


ஜூன் 10

தம்பிக்கு,

போனேன்.

கிளம்பும்போதும் சந்தேகம் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டியிருக்கலாம். அவர் வேண்டுமென்றே ஒரு நேரத்தைச் சொல்லி, அம்மா கடைசியாக என்னை அவரோடு சேர்ந்து வாழச் சொன்னாள் என்று முடிச்சுப் போடலாம். பஸ்ஸில் பதினாறு மணி நேரமும் இதைத்தான் யோசித்தேன். அம்மா அப்படிச் சொன்னாள் என்று மட்டும் அவர் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே எழுந்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

காலை பதினொரு மணி. கடை அதே கடைதான், முன்பக்கம் மட்டும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அவர் உள்ளே தேய்க்கிற சக்கரத்தின் முன்னால் குனிந்திருந்தார். முடி முக்கால்வாசி போய்விட்டது. தலைநிமிராமல், "உக்காருங்க, அஞ்சு நிமிஷம்" என்றார். உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பினார். கையிலிருந்த சில்லைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் நின்றார்.

நான் நலம் விசாரிக்கவில்லை. "அம்மா எத்தனை மணிக்குப் போனா?" என்றேன்.

"பதினொண்ணு நாப்பத்தாறு."

யோசிக்கவே இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு வருஷம் இல்லாத மாதிரி சொன்னார்.

"எப்படித் தெரியும்?"

"வாட்சைப் பாத்தேன். நீ ஒருநாள் கேப்பன்னு தெரியும்."

பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னார். கேட்காததைச் சொல்லவில்லை. நீ போன கொஞ்ச நேரத்தில் அம்மா விழித்துக்கொண்டாளாம். முகம் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறாள். தலை வாரச் சொல்லியிருக்கிறாள். அவருக்குப் பின்னல் போட வராது. "வெறுமனே வாரி விடுங்க மாப்ள, கல்யாணத்துக்கா போறேன்" என்று சிரித்திருக்கிறாள். பத்தரைக்கு டீச்சர் கேட்டது அந்தச் சிரிப்பு. அவளுக்குக் காது மந்தமில்லை, தம்பி.

பதினொரு மணிக்கு அம்மா கேட்டிருக்கிறாள், "சனிக்கிழமையாச்சே, இந்நேரம் பொண்ணு போன் பண்ணுவாளே?" இவர், "பண்ணுவா" என்றாராம். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டிருக்கிறாள்.

நான் பண்ணினேன், தம்பி. பதினொன்று ஐந்துக்குப் பண்ணினேன். அம்மா தூங்கவில்லை. தலைவாரிக்கொண்டு, என் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நீ, "நான் வெளியே இருக்கேன், வீட்டுல மாமா இருக்கார், அவர் நம்பருக்குப் போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அம்மாவிடம் பேசியிருப்பேன். நாற்பது நிமிஷம் இருந்தது.

இதை உன்மேல் எறியத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவர் நம்பருக்குப் போட்டிருப்பேனா? கத்தியிருப்பேன். ஏன் உள்ளே விட்டாய் என்று உன்னைக் கேட்டிருப்பேன், அவரை வெளியே போகச்சொல் என்றிருப்பேன். அந்த நாற்பது நிமிஷத்தையும் சண்டை போட்டே தீர்த்திருப்பேன். நீ பொய் சொன்னதற்கு நீ மட்டும் காரணமில்லை. உண்மையைச் சொன்னால் வாசலில் திரும்பிப் போய்விடுகிறவளாக நான் இருந்திருக்கிறேன். அம்மாவே என்னிடம் பயந்து வாழ்ந்திருக்கிறாள். மூன்று வருஷம்.

"நீங்க ஏன் எனக்குப் போடல?" என்று அவரைக் கேட்டேன்.

"உன் நம்பர் எங்கிட்ட இல்ல. இருந்திருந்தா போட்டிருப்பேன். திட்டியிருப்ப. திட்டுனாலும் அவங்க காதுல உன் குரல் விழுந்திருக்கும்ல?"

"அம்மா கடைசியா ஏதாவது சொன்னாளா, எனக்கு?" இதற்குத்தான் நான் பதினாறு மணி நேரம் தயாராக வந்தேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "இல்ல. பதினொன்றரைக்கு மேல மூச்சு மாறிடுச்சு. பேச முடியல. கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவங்க உன் கைன்னு நெனச்சிருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்" என்றார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் கேட்க ஆசைப்பட்ட பொய்யைச் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போதுதான் பதினொன்று நாற்பத்தாறை நம்பினேன்.

அம்மாவின் கடைசி ஊர்வலம் போகும்போது நம் தெருமுனை மருந்துக்கடைப் படியில் நின்றாராம். நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லையாம். அதையும் நான் கேட்டுத்தான் சொன்னார்.

பழைய கதை எதையும் நாங்கள் பேசவில்லை. வேலை உத்தரவை ஒளித்ததை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. அவரோடு போய் இருப்பது என்ற பேச்சே கிடையாது. இதை உனக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நீயும் உன் பெண்டாட்டியும் ஆசையை வளர்க்கவேண்டாம்.

ஆனால் கிளம்பும்போது, "அம்மாவுக்குத் திதி தசமி. ஜூன் பதினெட்டு, வியாழக்கிழமை" என்றேன். அவர், "தெரியும். அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார். "வாங்க" என்றேன். முன்வாசல் வழியாக வரச் சொன்னேன்.

புரோகிதரிடம் திதியை மாற்றச் சொல். காரணம் கேட்டால் நீயே பதில் சொல்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் அது சமாதானம் மாதிரி ஆகிவிடும். அது என்னோடு இருக்கட்டும்.

இன்று காலை புரோகிதர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நம் தெருக்காரர்கள் மூன்று பேர், மாடி வீட்டு டீச்சரும் ஒருத்தி. எல்லாரும் போகட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஒளிந்து நின்றது போதும் என்று முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா திதியை மாத்தணும். நவமி இல்ல, தசமி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "அதெப்படி மாத்தறது? போன வருஷம் நீதானே ஒன்பதரைன்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். பதினொண்ணு நாப்பத்தாறு."

"பெத்தவ போன நேரத்தைத் தப்பாச் சொல்வாங்களா? நீ பக்கத்துல இல்லியா?"

எல்லாருடைய முகத்திலும் சந்தேகம். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன். "நான் வேலைக்குப் போயிட்டேன்."

"அப்ப யார் இருந்தது? இந்த நேரத்தை யார் சொன்னது?"

அக்கா, அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் ஒரு வருஷம் பொய்மேல் பொய்யாக அடுக்கினேன். அது இவ்வளவு சின்னக் கேள்வி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்க மாமா" என்றேன். "அக்கா வீட்டுக்காரர். அவருதான் கடைசிவரைக்கும் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாரு."

'அக்கா வீட்டுக்காரர்' என்பது தன்னாலே வந்துவிட்டது. உனக்குப் பிடிக்காவிட்டால் திட்டு. ஆனால் அதைப் போனில் திட்டு.

புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். விரலை வைத்துப் பார்த்தார். தன் நோட்டில் நவமியை அடித்துவிட்டு, பக்கத்தில் தசமி என்று எழுதினார். பிறகு, "வியாழக்கிழமை எத்தனை பேருக்கு இலை?" என்று கேட்டார்.

உன்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். மாமாவையும்.

தம்பி